பிற நாட்டுச் சிறார் கதைகள் தமிழில் கிடைப்பதே இல்லையா?

10 ஜூன், காலை

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: “மூன்றாம் வகுப்பு, 28 பிள்ளைகள். பாடப் புத்தகத்தைத் தாண்டி வேறு நாட்டுக் கதைகளை வாசிக்க வைக்க ஆசை. இணையத்தில் தேடினால் எல்லாமே இங்கிலீஷ், இல்லையென்றால் தெனாலிராமன். தமிழில் பிற நாட்டுக் கதைகளே இல்லையா?”

இருக்கின்றன டீச்சர், நிறையவே இருக்கின்றன. நான் மண்டபம் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஏழு வருடமாக இதே தேடல்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்துக்குப் போங்கள். பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமில்லாத பதிப்பகம் நடத்துகிறது. 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கியபோது 24 மொழிகளில் 800 கதைகள் இருந்தன. இப்போது மொழிகளே 300ஐத் தாண்டிவிட்டன. உள்ளே போனதும் மொழியில் தமிழ் என்று வையுங்கள். அப்புறம் நிலை. நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடியும், இரண்டாம் நிலை 600 வரை போகும். உங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் போதும். பதிப்பாளர் பெயரை வைத்தும் பிரித்துப் பார்க்கலாம். வெளிநாட்டுக் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான் மேலே வரும். வெறுமனே கூகுளில் ‘உலகக் கதைகள்’ என்று அடித்தால் தெனாலிராமன் வந்து நிற்பது எனக்கும் நடந்ததுதான்.

10 ஜூன், இரவு

காலையில் அவசரமாக எழுதியதில் விட்டுப்போனது: ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக். தென்னாப்பிரிக்காவின் சைடே என்ற கல்வி அமைப்பு 2014இல் தொடங்கியது. கென்யா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஆசிரியர்களும் நூலகர்களும் தங்கள் பிள்ளைகளுக்காகத் தங்கள் மொழியில் எழுதிய சின்னச் சின்னக் கதைகள். தண்ணீர் எடுக்கப் போவது, ஆடு காணாமல் போவது, பாட்டி வீட்டில் தங்குவது, இவ்வளவுதான் விஷயம். அவற்றில் பல ஸ்டோரிவீவருக்கும் வந்து தமிழாகியிருக்கின்றன. எழுதியவர்கள் நம்மைப் போன்ற வாத்தியார்கள் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பனி பெய்கிற நாட்டுக் கதைகளைத் தொடவே வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது. கடல், ஆறு, வலை, வெயில் இருக்கிற கதையாகப் பார்த்து எடுங்கள்.

11 ஜூன்

ஒரு கதையையும் நீங்கள் வாய்விட்டு வாசித்துப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். கண்ணால் வாசிக்கும்போது நன்றாக இருக்கிற தமிழ், வாயில் வரும்போது இடறும்.

நம் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் மெல்லிய புத்தகங்கள் வந்தன இல்லையா? உங்கள் பள்ளியிலும் இருக்கும். ஒரு பிள்ளை ‘நட’ புத்தகத்தைத் தடுமாறாமல் வாசித்தால் இணையத்தில் எந்த நிலையைக் கொடுக்கலாம் என்று நானே மனக்கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வகுப்புக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

15 ஜூன்

பனியைப் பற்றி நான் எழுதியது தவறு. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நேற்று இரவோடு முடிந்தது. ஒரு வாரமாகவே ஊரில் படகு வேலைதான் பேச்சு. வகுப்புக்கு வந்தது ஒன்பது பேர். வேறு கதை அச்செடுக்க நேரமில்லாமல், கையில் இருந்த, பனி பெய்கிற நாட்டுக் குளிர்காலக் கதை ஒன்றை வாசித்தேன். தமிழில் ‘பனி பெய்தது’ என்று போட்டிருந்தார்கள். மார்கழிப் பனியா என்று ஒரு பிள்ளை கேட்டாள். இல்லை, வெள்ளையாக விழும், குவியும், மிதித்தால் கால் புதையும் என்று நான் கையைக் காலை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கடைசி வரிசையில் இருந்த பையன் எழுந்தான். அவன் அப்பா ஐஸ் பிளாண்டில் ஐஸ் பாளம் ஏற்றுகிறவர். “டீச்சர், ஐஸ் உடைக்கிற மிஷின்ல இருந்து பொலபொலன்னு கொட்டும்ல, அது வானத்துல இருந்து கொட்டுது. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வகுப்பு அவன் கையில் போய்விட்டது. ஐஸில் கை வைத்தால் முதலில் சுடுவதுபோல் இருக்கும், அப்புறம் மரத்துப்போகும், மரக்கால் மரக்காலாக அள்ளி மீன்மேல் போடும்போது என்ன சத்தம் வரும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கதையில் வந்த பிள்ளை கையுறை தொலைத்துவிட்டு ஏன் அழுதாள் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. எது ஒட்டும், எது ஒட்டாது என்று நான் முன்கூட்டியே முடிவு செய்ததால் இத்தனை வருடம் எத்தனை கதைகளைப் பிள்ளைகளிடம் காட்டாமல் விட்டிருக்கிறேன்! நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

22 ஜூன்

இன்னொரு திருத்தம். “இலவசக் கதைதானே, வேண்டியபடி மாற்றி அச்சடிக்கலாமா” என்று பரமக்குடி சார் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக என்று தனிச்செய்தியில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது சார்.

படிக்க இலவசம் என்பது வேறு, மாற்ற அனுமதி என்பது வேறு. ஸ்டோரிவீவர் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், சொற்களை மாற்றலாம். ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்கில் சில கதைகளுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ஆனால் 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பன்னாட்டுச் சிறார் மின்நூலகத்தில் வைத்திருந்தவற்றில் பல பதிப்பாளரிடம் உரிமை இருக்கிற புத்தகங்கள். அவற்றை வாசிக்கத்தான் அனுமதி. ஒரு சொல்லை மாற்றி நகலெடுத்துக் கொடுக்கக்கூடாது.

அந்த மின்நூலகத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதை வடிவமைத்த குழுவில் பிள்ளைகளையும் உட்கார வைத்தார்கள். அதனால் அட்டையின் நிறத்தை வைத்துத் தேடும் வசதி வந்தது. சிவப்பு அட்டைப் புத்தகம் வேண்டும் என்றால் சிவப்பை அழுத்தினால் போதும். எங்கள் வகுப்புப் பெட்டியிலும் பிள்ளைகள் “அந்த மஞ்சள் புக்” என்றுதான் கேட்கிறார்கள், ஆசிரியர் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

23 ஜூன்

அச்செடுக்கும்போது கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். செலவு மிச்சம் என்று ஜெராக்ஸ் கடையில் அதைத்தான் முதலில் கழிக்கச் சொல்கிறோம். எழுதியவர், வரைந்தவர் பெயர் அங்கேதான் இருக்கிறது.

6 ஜூலை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகப் போகும்.

போன வருடம் ஒரு செயலிக்குக் காசு கட்டினோம். பெயர் வேண்டாம். “நூறு நாட்டுக் கதைகள் தமிழில்” என்று விளம்பரம். திறந்தால் மொத்தமும் இயந்திர மொழிபெயர்ப்பு. ‘மீனவர் ஆற்றின் வங்கியில் உட்கார்ந்திருந்தார்’ என்று ஒரு வரி, ஆங்கிலத்தில் கரைக்கும் பேங்க் என்பதால் வந்த வினை. ஆற்றில் எந்த பேங்க் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதைவிட மோசம், பெண் பிள்ளை ஒருத்தி கதை முழுக்க ‘அவர்’, ‘அது’, ‘அவன்’ என்று மாறிக்கொண்டே இருந்தாள். காசு திரும்ப வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மொழிபெயர்த்தவர் பெயர் இல்லாத கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுங்கள்.

ஆனால் நல்ல மொழிபெயர்ப்பிலும் நம் ஊருக்கு ஒரு குறை வரும். ஸ்டோரிவீவரில் எடுத்த ஒரு கதையில் ‘பலத்த காற்று வீசியது, படகு போக முடியவில்லை’ என்று இருந்தது. தமிழில் ஒரு தப்பும் இல்லை. பாம்பன் பக்கத்துப் பிள்ளை நிறுத்திவிட்டாள். “எந்தக் காத்து டீச்சர்? கச்சானா, வாடையா?” நான் தெரியாமல், ஏதோ ஒரு காற்று என்றேன். அவளுக்கு அது பதிலாகவே படவில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடலில் தொழில் பார்க்கலாம். வாடை என்கிற வடக்குக் காற்று அடித்தால் வடகடல் ஆகாது. எந்தக் காற்று என்று தெரியாமல் படகு ஏன் போகவில்லை என்று எப்படிப் புரியும்?

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தக் கதையை மறுபடி தமிழாக்க உட்கார்ந்தோம். தளத்திலேயே மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறது. படம் அப்படியே இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் சொல்லை மட்டும் நாம் எழுத வேண்டும். இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. படத்தில் மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பிள்ளைகளே வாதம் செய்து கச்சான் என்று முடிவு கட்டினார்கள். அந்த நாட்டில் கச்சான் அடிக்குமா என்று நான் கேட்டேன். “அவங்க வேற பேர் சொல்லுவாங்க, காத்து ஒண்ணுதானே” என்றாள் அதே பிள்ளை.

ஒரு கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. வெளிநாட்டுக் கதையை நம் சொல்லில் போட்டுக்கொண்டே போனால் அது வெளிநாட்டுக் கதையாகவே இருக்குமா? ஆளின் பெயர், ஊரின் பெயர், சாப்பிடுகிற பொருள் இந்த மூன்றையும் தொடக்கூடாது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். களி மாதிரி ஒன்றை அவர்கள் உகாலி என்று சொன்னால் உகாலிதான். காற்றுக்கு மட்டும் நம் பெயர்.

19 ஜூலை

ராமநாதபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார், நாங்கள் இணையம் இல்லாமலே உலகக் கதை படித்தோம் என்று. உண்மைதான் ஐயா. மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சடித்து அனுப்பிய சோவியத் புத்தகங்கள், நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்குக் கிடைத்தன. என் அண்ணன் திருவிழாக் காசில் வாங்கியது ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. 1991க்குப் பிறகு அது நின்றுபோனது. அன்பர்கள் பலர் அவற்றை வருடி (ஸ்கேன் செய்து) பதிவேற்றியிருக்கிறார்கள். சோவியத் சிறுவர் நூல்கள் என்று தமிழிலேயே தேடுங்கள், வரும்.

அவர் எழுதியதைப் படித்ததும் யெல்லா லெப்மன் நினைவு வந்தது. ஜெர்மனியில் பிறந்த யூதப் பத்திரிகையாளர். 1936இல் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனவர், போர் முடிந்ததும் 1945இல் அதே ஜெர்மனிக்குத் திரும்பி வந்தார். இடிந்த ஊர்களில் பசியோடு இருந்த பிள்ளைகளுக்காக 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார், உங்கள் நாட்டின் நல்ல சிறுவர் புத்தகங்களை அனுப்புங்கள் என்று. நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாடுகளுக்கும் எழுதினார். வந்த புத்தகங்களை வைத்து 1946இல் மியூனிக்கில் கண்காட்சி நடத்தினார். 1949இல் அது பன்னாட்டுச் சிறார் நூலகம் ஆயிற்று. சண்டைக்குப் போக மறுத்துப் பூ மோந்துகொண்டு உட்கார்ந்த காளையின் கதை ஒன்றை ஒரே இரவில் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதி அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

இதை எங்கள் வகுப்பில் சொன்னேன். மஞ்சுவிரட்டு பார்க்கிற ஊர்ப் பிள்ளைகள். சண்டைக்குப் போகாத மாட்டை வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கறிக்குப் போட்டுவிட்டார்களா என்ற பயம் அந்தக் கேள்வியில் இருந்தது. மேய்ச்சலுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றதும் அப்பாடா என்றார்கள்.

அந்த மியூனிக் நூலகம் இன்றும் ஆண்டுதோறும் சுமார் 200 புத்தகங்களைப் பல மொழிகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஒயிட் ரேவன்ஸ் என்று பட்டியல் போடுகிறது. இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகம் நடத்தும் வேர்ல்ட்ஸ் ஆஃப் வேர்ட்ஸ் தளத்திலும் நாடுவாரியாகத் தேடலாம். ஆனால் இரண்டும் பட்டியல்கள். புத்தகம் அங்கே கிடைக்காது. நான் முதல் வருடம் இது தெரியாமல் மணிக்கணக்காகப் பதிவிறக்கப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். நூலக நிதியில் என்ன வாங்கலாம், எந்த நாட்டில் யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவை நல்லவை. நாளைக் காலை வகுப்புக்கு வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர்தான்.

3 ஆகஸ்ட்

இவ்வளவு எழுதியும் கண்ணுக்கு எதிரே இருக்கிற வெளிநாட்டை மறந்துவிட்டேன். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 1964 புயல் வரை இங்கே ரயிலில் இறங்கிக் கப்பல் ஏறி அங்கே போனார்கள். அங்கே எழுதப்படும் தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் நம் பள்ளிகளில் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

நூலகம் என்ற இணையத் தளத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கியது. ஈழத்து நூல்கள், இதழ்கள் எல்லாவற்றையும் வருடி இலவசமாக வைத்திருக்கிறார்கள். தேடும்போது ஒரு விஷயம்: நாம் இங்கே குழந்தை இலக்கியம், சிறார் இலக்கியம் என்கிறோம். அங்கே பெரும்பாலும் ‘சிறுவர்’தான். சிறுவர் பாடல், சிறுவர் கதை என்று போட்டதும்தான் எனக்குக் கதவு திறந்தது.

எங்கள் வகுப்பில் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். ஒரு ஈழத்துக் கதையை அச்செடுத்து வாசித்தேன். ‘கதிரை’ என்று வந்ததும் மற்றவர்கள் விழித்தார்கள். நாற்காலி என்று அவள் சொன்னாள். அடுத்து பாண். ரொட்டி என்றாள். சவர்க்காரம். சோப்பு. அன்றைக்கு அவள்தான் எங்கள் அகராதி. வீட்டில் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, அடுத்த சனிக்கிழமை அவள் அப்பம்மா வந்து வாசலில் உட்கார்ந்தார். மன்னார்க்காரர். உள்ளே வரச் சொன்னேன். ஒரு மணி நேரம் கதை சொன்னார்.

இணையத்தில் கதை தேடுகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், உங்கள் தெருவிலும் ஒருமுறை கேளுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

4 ஆகஸ்ட்

தேடலில் வராத பழைய தமிழ்க் கோப்புகள் பற்றிக் கேட்டிருந்தார்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததும், பக்கத்தைப் படமாக வருடி வைத்ததும் உள்ளே இருக்கிற சொல்லை வைத்துத் தேடினால் வராது. நூலின் தலைப்பு, ஆசிரியர் பெயர், பதிப்பாளர் பெயர் வைத்துத் தேடுங்கள்.

24 ஆகஸ்ட்

நம்முடைய பிள்ளைகளுக்கு நம் கதையே போதாதா, எதற்கு அடுத்த நாட்டுக் கதை என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான்.

ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990இல் எழுதியது இத்துறையில் எல்லோரும் சொல்வது: பிள்ளைக்குப் புத்தகம் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், அடுத்தவர் வாழ்க்கையைப் பார்க்கும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும், அங்கே நுழைந்து பார்க்கும் கதவாகவும் இருக்க வேண்டும். அவர் கறுப்பினத்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் 1985இல் கணக்கெடுத்தபோது, அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த சுமார் 2,500 சிறார் நூல்களில் கறுப்பின எழுத்தாளர், ஓவியர்களுடையவை 18தான். அந்தப் பிள்ளைகளுக்கு ஜன்னல் நிறைய இருந்தது, முகம் பார்க்கத்தான் கண்ணாடி இல்லை. நம் கடற்கரைப் பிள்ளைக்கும் அப்படித்தான். பாடப் புத்தகத்தில் வருகிற வீடு, தெரு, வேலை எதுவும் அவள் வீட்டைப் போல இருப்பதில்லை. ஆப்பிரிக்க ஏரிக்கரையில் வலை உலர்த்துகிற படத்தைப் பார்த்து “எங்க வாடி மாதிரி இருக்கு” (வாடி என்றால் மீனவர் கரையில் போடுகிற கொட்டகை) என்று அவள் சொன்னபோது, எனக்கு ஜன்னலாகத் தெரிந்தது அவளுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாக இருந்தது. அதனால்தான் அடுத்த நாட்டுக் கதையை விட மனம் வரவில்லை ஐயா. நம் கதை போதாது என்பதால் அல்ல.

இதை வகுப்பில் எளிமையாகச் சொல்லப் பார்த்தேன். கண்ணாடி என்றால் என்ன என்று கேட்டேன். பாசி எடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் உடனே சொன்னார்கள், அம்மா கடலுக்குள் முங்கும்போது கண்ணில் மாட்டுவது என்று. அது இல்லாமல் முங்கினால் எல்லாம் கலங்கலாகத் தெரியும், மாட்டினால் பாறை, பாசி, மீன் எல்லாம் பக்கத்தில் தெரியும். பிஷப் சொன்ன மூன்றோடு நான் இதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

‘ஜன்னல்’ என்ற சொல்லே போர்த்துக்கீசியரோடு கடல் வழியாக வந்ததுதான். கதிரையும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்தது.

9 செப்டம்பர்

தொண்டி டீச்சர் நேற்று எழுதியிருந்தார். ஸ்டோரிவீவரிலிருந்து ஆறு கதைகளை எடுத்து அச்சடித்து, நடுவில் பின் அடித்து, வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம். பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் நிற்கிறார்களாம். படித்ததும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

எங்கள் மொழிபெயர்ப்பும் தயார். அச்சுக்குக் கொடுக்கும் முன் முகாம் அப்பம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன். ‘கச்சான் பலமாக அடித்தது’ என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார். அவர்கள் ஊரில் கச்சான் என்றால் காற்றும் உண்டு, ஆனால் முதலில் நினைவுக்கு வருவது வேர்க்கடலையாம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு அர்த்தத்தையும் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பக்கத்தில் ஒரு கடலைப் பொட்டலம் வரைந்தாகிவிட்டது.

டீச்சர், தொண்டிப் பக்கம் அந்தக் காற்றுக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள். ஓரத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.